உறைபனியும் விமான விதிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

விமானப் பாதுகாப்பு விதிகளை இயற்கை அறிவியலின் நேரடிப் பேறுகளாகக் கருதுவது பொதுவழக்கு. ஆயின், விதிகளும் குறிப்பிட்டதொரு காலத்தில், குறிப்பிட்ட நலன்களுக்கிடையே மனிதரால் ஆக்கப்பட்டவையே. ஐக்கிய அமெரிக்காவில் உறைபனி தொடர்பாக எழுந்த விதிகளின் வரலாறு இதனைத் தெளிவாகப் புலப்படுத்துகின்றது.

பூச்சியப் பாகைக்குக் கீழும் மேகத்து நீர்த்துளிகள் சில உறையாது திரவமாகவே இருக்கும். விமானம் மோதியதும் அவை செட்டையிற் பனிக்கட்டியாகப் படியும். செட்டையின் வடிவம் பிறழும். விமானத்தைத் தாங்கும் விசை குறையும். சிறு துளிகள் முன்விளிம்பிலேயே உறைவன. அங்கு பொருத்தப்பட்ட இறப்பர் உறைகள் காற்றால் ஊதப்பெற்று அப்பனியை உடைத்தெறியும். பெருந்துளிகளோ பின்னோக்கி ஓடி, உறைகளுக்கு அப்பாற் சென்று உறைவன.

போக்குவரத்து விமானங்களுக்குச் சான்றளிக்கும் அளவுகோல், 1940களில் திரட்டப்பட்ட அளவீடுகளின் மேல் அமைந்தது. அதன்படி சராசரித் துளி விட்டத்தின் மேலெல்லை 50 மைக்ரோன். அதாவது மில்லிமீற்றரின் இருபதிலொரு பங்கு. உறையும் தூறலின் துளிகள் இவ்வெல்லையைக் கடந்தவை. இக்குறைபாடு அறியப்படாததன்று. அளவுகோலை மீளாய்வு செய்யுமாறு தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 1981இலேயே சமஷ்டி விமானப் போக்குவரத்து நிருவாகத்திடம் விதந்துரைத்தது. அளவுகோல் மாறவில்லை.

1994 ஒக்ரோபர் 31ஆம் திகதி, இன்டியானாபொலிசிலிருந்து சிக்காகோ நோக்கிச் சென்ற ஏ.ரி.ஆர். 72 விமானம், தரையிறங்கும் முறைக்காக உறைபனி மேகங்களில் வட்டமிட்டுக் காத்திருந்தது. உறைகளுக்குப் பின்னாற் பனி வரம்பு கட்டிற்று. விமானத்தைச் சாய்க்கும் செட்டைத் தகடு தானே திடீரெனப் புரண்டது. ரோஸ்லோன் என்னும் ஊரருகே விமானம் வீழ்ந்து 68 பேரும் மாண்டனர். முன்னரே தெரிந்திருந்த அபாயத்தை உற்பத்தி நிறுவனம் முழுமையாக வெளியிடவில்லை என்றும், பிரெஞ்சு அதிகாரிகளின் மேற்பார்வை போதாதென்றும், அமெரிக்க நிருவாகத்தின் தவறும் துணைக்காரணம் என்றும் 1996இல் அச்சபை முடிவுசெய்தது. பிரெஞ்சு விசாரணையாளரோ விமானிகளின் செயலையே முதன்மைப்படுத்தினர். அவ்விமானத்தை ஆக்கிய நாடுகளுள் பிரான்சும் ஒன்றென்பதை ஈண்டு நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

அதே ஆண்டில் இத்தகைய விமானங்களுக்குப் புதிய கட்டளைகள் பிறந்தன: பக்க யன்னலிற் பனி படிதல் போன்ற அறிகுறி தென்படின், உடனடியாக அப்பகுதியை நீங்குக என்பது அவற்றின் சாரம். இது பயனுள்ள விதியே. ஆயினும் 'கடும் உறைபனி' என்பதற்கு வழங்கும் வரைவிலக்கணத்தை நோக்குவோம்: பனிநீக்கும் கருவிகளால் அபாயத்தைக் கட்டுப்படுத்த முடியாத நிலையே அது. கருவி தோற்ற பின்னரே அபாயம் பெயர் பெறுகின்றது. சான்றளிப்பின் குறையை, விமானி தன் கண்ணால் ஈடுசெய்ய வேண்டியவனாகின்றான்.

பெருந்துளிகளை உள்ளடக்கிய சான்றளிப்பு விதி 2014இலேயே வெளியாயிற்று. அதுவும் புதிதாகச் சான்று கோரும் குறிப்பிட்ட வகை விமானங்களுக்கே உரியது. முதல் விதந்துரைக்கும் இதற்குமிடையில் 33 ஆண்டுகள் கழிந்தன. 2024 ஓகஸ்ற் 9ஆம் திகதி பிரேசிலின் வின்யேடோ நகரில் மற்றொரு ஏ.ரி.ஆர். 72 வீழ்ந்து 62 பேர் இறந்தனர். அவ்வழியிற் கடும் உறைபனி முன்னறிவிக்கப்பட்டிருந்ததை முதனிலை அறிக்கை பதிவுசெய்தது.

இயற்கையை அறியாமை மட்டுமே இவ்வரலாற்றை ஆக்கவில்லை. அறிந்ததை விதியாக்கும் அதிகாரமும் அதற்கான செலவும் எவர் கையில் உள்ளன என்பதே அடிப்படை வினா. அவ்வினாவைத் தவிர்க்கும் தொழில்நுட்ப வரலாறு முழுமையற்றதென்பது எமது துணிபு.