உழைத்துக் கற்றல்



தூத்துக்குடிக் கரையில் பிறந்தவர்கள் முத்துக்குளிப்பைப் பற்றிய கதைகளைக் கேட்டே வளர்கின்றனர். 1961-ஆம் ஆண்டோடு இக்கடலில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. அப்போது நான் கைக்குழந்தை. ஆயினும் அத்தொழிலின் ஒழுங்குமுறையைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பின்னர் நூல்களிலும் படித்திருக்கிறேன்.

அவ்வொழுங்கில் மூன்று செய்திகள் என் மனத்தில் நின்றன. முதலாவது, பார்களில் கிடக்கும் சிப்பி முற்றும் வரை அதனைத் தொடலாகாது. அதிகாரிகள் கடலுக்குச் சென்று மாதிரிச் சிப்பிகளை எடுத்துச் சோதித்து, முத்தின் மதிப்பைக் கணக்கிட்ட பின்பே குளிப்பு நாள் அறிவிக்கப்படும். இரண்டாவது, விடியலில் தொடங்கும் மூழ்குதல் நண்பகலளவில் நின்றுவிடும். மூன்றாவது, குளிப்போருக்கு உரிய பங்கு முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசுக்கு இரண்டு பங்கும் குளிப்போருக்கு ஒரு பங்கும் என்பது வழக்கம். அப்பங்கீடு நியாயமானதா என்பது வேறு கேள்வி. ஆனால் படகேறும்போதே தன் பங்கு எவ்வளவு என்று குளிப்பவன் அறிந்திருந்தான்.

கற்கும் இடத்திலேயே வேலை செய்து, அதனால் கிடைக்கும் பொருளைக்கொண்டு படிக்கும் மாணவரைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். நூலகத்தில் நூல்களை அடுக்குதல், ஆய்வுக்கூடத்தில் துணை நிற்றல், விடுதிக் கணக்கு எழுதுதல், தோட்டம் பேணுதல் முதலியன அத்தகைய வேலைகள். இவை மாணவனுக்கு உதவியாக அமைகின்றனவா, அன்றி அவனை வேலைக்காரனாக்கிவிடுகின்றனவா? வேலைக்குப் பருவமும் நேரமும் பங்கும் வரையறுக்கப்பட்டுள்ளனவா என்பதைப் பொறுத்தே இதற்கு விடை கூற இயலும். வரலாறு நமக்கு இதனைக் காட்டுகிறது.

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளியிலிருந்தே தொடங்குவோம். அங்கே சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். மூத்த மாணவனாகிய அவன், ஆசிரியர் இல்லாத வேளையில் இளையவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பான். பள்ளியின் ஒழுங்கையும் காப்பான். ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கான இல்லத்தின் மேற்பார்வையை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்த விரும்பினார். ஆனால் துணையாசிரியர்கள் அதற்கு இசையவில்லை. உடனே ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். முயற்சி பலித்தது. 1797-இல் இலண்டனில் பெல் வெளியிட்ட சிறு நூலின் வழியே இது 'மதராஸ் முறை' என்று உலகெங்கும் பரவிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இலண்டனில் இத்தகைய பள்ளியைத் தொடங்கினார்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாள்களில், நம் மண்ணின் முறை உலகை ஆண்டது என்று இதனைப் பெருமையோடு படித்தோம். பெருமைக்கு இடமுண்டு. ஆயினும் அம்முறை பரவியதற்குச் சிறப்பான காரணம் அதன் சிக்கனமே. ஓர் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தால் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நடத்திவிடலாம். எஞ்சிய வேலையைச் சிறுவர்களே செய்வர். கற்பிக்கும் சிறுவன் தானும் கற்க வேண்டியவன் என்பது பல இடங்களில் மறக்கப்பட்டது. முற்றாத சிப்பியை அள்ளியதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இக்குறையை ஆங்கில அரசே பின்னர் உணர்ந்தது. 1846-இல் 'மாணவ ஆசிரியர்' என்னும் திட்டம் வகுக்கப்பட்டது. பதின்மூன்று வயது நிரம்பியவர் ஐந்தாண்டுகள் பள்ளியில் பணிபுரிவர். முதல் ஆண்டில் 10 பவுன் உதவித்தொகை. அது படிப்படியாக ஐந்தாம் ஆண்டில் 20 பவுனாக உயரும். தலைமையாசிரியர் நாள்தோறும் அவர்களுக்குத் தனியே பாடம் நடத்தவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. பங்கு இவ்வாறு வரையறுக்கப்பட்டது. ஆனால் வேலை நேரம் மிகுதியாகவே இருந்தது. பகலெல்லாம் கற்பித்துக் களைத்தவர்கள் இரவில் விளக்கொளியில் பாடம் படித்தனர். 1903-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின்னரே, மாணவ ஆசிரியரின் தொடக்க வயது பொதுவாகப் பதினாறாக உயர்ந்தது. பள்ளி நேரத்தில் பாதிக்கு மேல் அவரை வேலை வாங்கலாகாது என்ற வரம்பும் ஏற்பட்டது. பருவத்தையும் நேரத்தையும் பற்றிய இவ்வொழுங்கு உருவாக அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று என்பதைக் கருதுங்கள்.

பருவம், நேரம், பங்கு ஆகிய மூன்றோடு நான்காவதாக ஒன்றும் வேண்டும். அதுவே மதிப்பு. இதற்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துச் செய்தி ஒன்றைக் கூறுவேன். 1661-இல் ஐசக் நியூட்டன் அங்குள்ள டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தபோது, பணிவிடை செய்து படிக்கும் மாணவர் வகையில் சேர்ந்தார். அவ்வகையினர் பிறருக்கு ஏவல் செய்யவும் உணவு பரிமாறவும் கடமைப்பட்டவர்கள். மேலோர் உண்டு எஞ்சியதை உண்பவர்கள். 1664-இல் கல்லூரியின் உதவித்தொகை பெறும் மாணவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பின்பே அவர் அந்நிலையினின்று விடுபட்டார். நியூட்டன் உயர்ந்தார் என்பதைக் காட்டி அம்முறையைப் புகழ்வாரும் உளர். அம்முறையில் சோர்ந்து வீழ்ந்தவர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை.

அப்படி வீழ்ந்த ஒருவனை நான் அறிவேன். 1970-களின் இறுதியில் நான் பட்டப்படிப்புப் பயின்றபோது, கடற்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த மாணவன் ஒருவன் என்னுடன் படித்தான். கல்லூரியின் பெயரும் அவன் பெயரும் இங்கே வேண்டா. விடுதிக் கட்டணம் செலுத்த இயலாத அவனுக்கு, உணவுக்கூடத்தில் பரிமாறினால் கட்டணம் இல்லை என்று சொல்லப்பட்டது. எத்தனை மணி நேரம், எத்தனை நாள் என்ற விதி எதுவும் எழுத்தில் இல்லை. மூன்று வேளையும் அவனே பரிமாறினான். எல்லோரும் எழுந்த பின்பு எஞ்சியதை உண்டான். காலையில் முதல் வகுப்புக்குப் பிந்தி வருவான், ஆசிரியர் கடிந்துகொள்வார், தலை குனிந்து அமர்வான். கணக்கில் எங்கள் வகுப்பில் அவனை மிஞ்சியவர் எவரும் இல்லை. இரண்டாம் ஆண்டின் நடுவில் ஒரு திங்கட்கிழமை அவன் வரவில்லை. பின்னர்த் துறைமுகத்தில் மூட்டைகளுக்குக் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்துவிட்டான் என்று கேள்வியுற்றேன். ஒன்றரை ஆண்டுக் காலம் என் இலையில் அவன் சோறு வைத்தான். 'நீ உண்டாயா?' என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

அவன் செய்த வேலை இழிவானதன்று. ஏழை ஒருவனே அதனைச் செய்யவேண்டும், மற்றவர் அமர்ந்து உண்ணவேண்டும் என்று வைத்ததே இழிவு. இவ்வேறுபாட்டை நன்குணர்ந்த கல்லூரி ஒன்று அமெரிக்காவில் உண்டு. கென்டக்கி மாநிலத்தில் 1855-இல் தோன்றிய பெரியா கல்லூரியே அது. அங்கே மாணவரிடம் கல்விக் கட்டணம் பெறுவதில்லை. மாணவர் ஒவ்வொருவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரியில் வேலை செய்கின்றனர். அதற்கு ஊதியமும் உண்டு. விதி எல்லோருக்கும் பொதுவாகையால், துடைப்பம் எடுத்தவனைப் பார்த்து எவனும் நகைப்பதற்கில்லை.

நம் நாட்டிலும் இத்தகைய பெருமுயற்சி உண்டு. மகாராட்டிரத்தில் பாவுராவ் பாட்டீல் 1919-இல் ரயத் சிக்ஷண் சன்ஸ்தா என்னும் கல்வி நிறுவனத்தை நிறுவினார். சாதாரா நகரில் அவர் நடத்திய விடுதியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கினர், ஒன்றாகச் சமைத்தனர், ஒன்றாக உண்டனர். 1927-இல் காந்தியடிகள் அவ்விடுதிக்கு வந்தார். 1947-இல் சாதாராவில் பாட்டீல் தொடங்கிய சத்திரபதி சிவாஜி கல்லூரியில், உழைத்துப் பொருளீட்டிக் கற்கும் முறை ஏழை மாணவர்க்கு வழிதிறந்தது. இன்று புணே பல்கலைக்கழகத்தில் நடைபெறும் உழைத்துக் கற்கும் திட்டம் அவர் பெயரையே தாங்கியுள்ளது.

1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை மையமாகக் கொண்ட கல்வியைக் காந்தியடிகள் முன்வைத்தார். பிள்ளைகள் செய்யும் பொருளின் வருவாய் ஆசிரியரின் ஊதியத்துக்கு உதவ வேண்டும் என்பது அவர் கருத்து. அதனை ஆராய்ந்து திட்டம் வகுத்த சாகிர் உசேன் குழுவோ, வருவாயைப் பெரிதாகக் கருதிக் கல்வியைப் பலியிடும் ஆபத்து இதில் உண்டு என்றும் எச்சரித்தது. திட்டத்தை ஏற்றவர்களே அதன் ஆபத்தையும் எடுத்துரைத்தனர் என்பது போற்றத்தக்கது. பின்னர் 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, செயல்வழி அனுபவம் கல்வியின் பகுதியாக வேண்டும் என்றது. கற்றுக்கொண்டே பொருளீட்ட மாணவர்க்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

அமெரிக்க அரசு 1964-இல் இயற்றிய சட்டம் ஒன்றின்வழி, வசதி குறைந்த கல்லூரி மாணவரின் ஊதியத்தில் பெரும்பகுதியை அரசே ஏற்கும் ஏற்பாடு தொடங்கிற்று. அந்நாட்டில் பயிலும் வெளிநாட்டு மாணவர், பாடம் நடைபெறும் காலத்தில் கல்லூரி வளாகத்திலும் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பொதுவாக வேலை செய்யலாகாது. பிரிட்டனிலும் பட்டப்படிப்புப் பயிலும் வெளிநாட்டு மாணவருக்கு 20 மணி என்பதே பொது வரம்பு. உங்களுள் சிலர் நாளை அந்நாடுகளுக்குச் செல்லக்கூடும். 'உழைக்க விரும்புகிறேன், ஏன் தடுக்கிறார்கள்?' என்று அப்போது வருந்தலாம். நண்பகலில் மூழ்குவதை நிறுத்திய நம் பழைய முறையை நினைத்துக்கொள்ளுங்கள். மூச்சு மிஞ்சியிருக்கும்போதே கரையேற வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. உழைப்பின் பெருமையைப் பேசும் நாம், சிறுவர்களையும் உழைத்தே உண்ணுங்கள் என்று சொல்லிவிடலாகாது. இன்று நம் மாவட்டத்தில் உள்ள எட்டயபுரத்தில், 1956-இல் காமராசர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கும் திட்டத்தைத் தொடங்கினார். அவ்வுணவுக்கு ஈடாகப் பிள்ளைகளிடம் எந்த வேலையும் கேட்கப்படவில்லை; அதுவே முறை. குழந்தைக்குச் சோறும் எழுத்தும் உரிமை. வளர்ந்த கல்லூரி மாணவனுக்கே, அவன் விரும்பினால், வேலை ஒரு வாய்ப்பு.

நம் நகரில் 1948-இல் தூய மரியன்னை கல்லூரியும், 1951-இல் வ.உ.சி. கல்லூரியும், 1966-இல் காமராஜ் கல்லூரியும் தோன்றின. 1977-இல் மீன்வளக் கல்லூரியும் வந்தது. பொதுவாகக் கல்லூரிகளில் நூலகமும் ஆய்வுக்கூடமும் அலுவலகமும் மாணவர் கைகளால் வளம்பெறக்கூடிய இடங்கள். மாலையில் கடைகளில் நின்று இரவு வெகுநேரம் கழித்து வீடு திரும்பும் மாணவனுக்கு, படிக்கும் இடத்திலேயே இரண்டு மணி நேர வேலை கிடைத்தால் அது பெரும் உதவி. ஆனால் அவ்வேலைக்கு நேரமும் ஊதியமும் எழுத்தில் இருக்கவேண்டும். தேர்வுக் காலத்தில் ஓய்வு வேண்டும். நிலையான ஊழியரை நீக்கிவிட்டு மலிவாக மாணவனை அமர்த்தும் வஞ்சம் கூடாது. மாணவன் இவற்றைக் கேட்பது நன்றிகெட்ட செயலன்று. அவன் கேட்கும் முன்னரே சொல்லுவது நிறுவனத்தின் கடமை.

நான் தலைமையாசிரியரான பின் என் பொறுப்பில் ஒரு மாணவர் விடுதியும் இருந்தது. அங்கே நான் முதலில் செய்த மாற்றம் ஒன்றுதான். மேல்வகுப்பு மாணவர் அனைவரும், செல்வர் மகனாயினும் மீனவர் மகனாயினும், வாரத்துக்கு ஒருவேளை முறைவைத்துப் பரிமாறவேண்டும். பரிமாறுவோருக்குரிய உணவை முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும் என்று ஏற்படுத்தினேன். முதல் வாரத்தில் பெற்றோர் சிலர் வந்து குறை கூறினர். ஒரு மாதத்துக்குப் பின் எவரும் வரவில்லை. என் பழைய தோழனுக்கு அது எவ்வகையிலும் பயன்படவில்லை என்பதை நான் அறிவேன். உங்கள் கல்லூரியில் அவனைப் போன்ற ஒருவன் இன்றும் இருக்கக்கூடும். அவனிடம் அந்தக் கேள்வியை நீங்களேனும் கேளுங்கள்.