மருமகன் இருவர்: பென்சில்வேனியா வாரிசு வரியில் உறவின் கணக்கு

தமிழில் மகளைக் கட்டியவனும் மருமகன். தாய்மாமனுக்கு அக்காள் மகனும் மருமகன். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இந்த இருவரும் ஒன்றல்ல. இறந்தவரின் சொத்து மகளின் கணவனுக்குப் போனால் வாரிசு வரி 4.5 சதவீதம், அக்காள் மகனுக்குப் போனால் 15. உடன்பிறந்தோருக்கு 12, கணவன் மனைவிக்குள் வரியே இல்லை.

எஸ்டேட் வரி இறந்தவர் விட்டுச்சென்ற மொத்தச் சொத்தின் அளவைப் பார்க்கும். வாரிசு வரியோ பெறுகிறவர் யார் என்று பார்க்கும். 2025இல் அயோவா மாநிலம் விலகியபின் வாரிசு வரி ஐந்து மாநிலங்களில்தான் எஞ்சியிருக்கிறது. அவற்றுள் பென்சில்வேனியாவின் வரி மிகப் பழையது: 1826இல் பிறந்தபோது அது உடன்பிறந்தோர், அவர்தம் பிள்ளைகள் போன்ற பக்கவழி உறவினர்மீது மட்டுமே விழுந்தது. மக்களுக்குச் சேர்வது இயல்பு, மற்றவர்க்குச் சேர்வது எதிர்பாராத ஆதாயம் என்ற எண்ணம் இன்றைய விகிதங்களிலும் அப்படியே இருக்கிறது. அந்த எண்ணம் தவறு என்பதே என் வாதம்.

மணமாகாத மாமனைக் கடைசிவரை உடனிருந்து பார்த்துக்கொண்ட அக்காள் மகனை எண்ணிப் பாருங்கள். கடனும் ஈமச்செலவும் போக அவனுக்கு மிஞ்சுவது 2,00,000 டாலர் பெறுமான வீடு ஒன்றுதான் என்று கொள்வோம். வரி 30,000 டாலர். மாமன் இறந்து மூன்று மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, 28,500. ஒன்பது மாதம் தாண்டினால் வட்டி ஏறும். கையில் ரொக்கம் இல்லை; கட்டும்வரை வரிப்பாக்கி வீட்டின் மேலேயே பற்றுரிமையாக நிற்கும், விற்கப் போனால் அங்கே வந்து மறிக்கும். பிறகு அவன் ஒகாயோ மாநிலத்துக்குக் குடிபோனாலும் தப்ப முடியாது. நிலம் எங்கே இருக்கிறதோ வரியும் அங்கேதான். அதே வீடு ஒகாயோவில் இருந்திருந்தால் மாநில வரி ஒரு காசும் இல்லை. அங்கே எஸ்டேட் வரியை 2013இலேயே நீக்கிவிட்டார்கள்.

சொத்தின் அளவுக்கேற்ப விகிதத்தை உயர்த்தலாமே என்று கேட்கலாம். அதற்கு, வரி ஒரே சீராக இருக்க வேண்டும் என்ற மாநில அரசியலமைப்பின் சீர்மை விதி குறுக்கே நிற்கிறது. 1897ஆம் ஆண்டு வாரிசு வரிச் சட்டம் சிறு சொத்துகளுக்கு விலக்கு அளித்தது. அதையே காரணம் காட்டி 1899இல் மாநில உச்சநீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதாக்கியது. செல்வத்தின் அளவைப் பார்க்க வழியில்லாத சட்டம் உறவின் தூரத்தைப் பார்த்தே வேறுபடுத்துகிறது. எளிய குடும்பத்து அக்காள் மகனும் பெருஞ்செல்வர் வீட்டு அக்காள் மகனும் அதனால் ஒரே விகிதத்தில் கட்டுகிறார்கள்.

வாரிசு வரியை அடியோடு ஒழிக்கச் சொல்லவில்லை. உழைக்காமல் சேரும் செல்வத்தில் பொதுவுக்குப் பங்கு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உறவு வகுப்புகளை மாற்ற அரசியலமைப்பைத் தொட வேண்டியதில்லை. மகனின் மனைவியையும் வாழ்க்கைத்துணையின் முந்தைய மணத்துப் பிள்ளையையும் சட்டமன்றம் ஏற்கெனவே 4.5 வரிசையில் சேர்த்திருக்கிறது. மேரிலாந்திலும் கெண்டக்கியிலும் உடன்பிறந்தோர் வாரிசு வரி கட்டுவதே இல்லை. இறந்தவரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து அவரைப் பேணியவர், அக்காள் மகனோ தங்கையோ யாராயினும், 4.5 வரிசைக்கு வர ஒரு சட்டத்திருத்தம் போதும்.