விடியற்காலைக் குரல்: யப்பானின் வானொலித் தேகாப்பியாசம்

தேகாப்பியாசத்தைத் தொடங்குவது எளிது, தொடர்வதே அரிது. ஆண்டுப் பிறப்பன்று உறுதி பூண்டு, மூன்று நாள் வைகறையில் எழுந்து, நான்காம் நாள் போர்வையை இழுத்து மூடிக்கொள்வோர் நம்மிடையே பலர். மாணவரும் இதற்கு விலக்கல்லர். பாடசாலையிலே மணியடித்ததும் வரிசையாக நின்று கைகால்களை வீசிப் பழகும் பிள்ளைகள், விடுமுறை பிறந்ததும் அதனை அடியோடு மறந்துவிடுகின்றனர். மனவுறுதி இல்லாமையே இதற்குக் காரணம் என்று கடிந்துகொள்வது பெரியோர் வழக்கம். அஃது முழு உண்மைதானா? இடையிலே சில ஆண்டுகள் நீங்கலாக, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் ஒரு நாட்டு மக்கள் இப்பழக்கத்தைக் காத்துவந்த வரலாற்றை நோக்குவோமாயின், வேறொரு விடை கிடைக்கின்றது. அந்நாடு யப்பான். அதற்குத் துணைநின்ற கருவி வானொலி.

இவ்வரலாற்றின் தோற்றுவாய் ஐக்கிய அமெரிக்காவில் உளது. 1925ஆம் ஆண்டிலே, நியூயோர்க் நகரத்து மெற்றோபொலிற்றன் ஆயுட் காப்புறுதிக் கம்பனியார் காலைதோறும் வானொலி வழியாகத் தேகாப்பியாசம் பயிற்றத் தொடங்கினர். காப்புறுதி செய்தோர் நெடிது வாழ்ந்தாற் கம்பனிக்கும் இலாபமன்றோ? யப்பானிலும் எளிய மக்களுக்கென ஓர் ஆயுட் காப்புறுதித் திட்டத்தைத் தபாற் பகுதியினர் 1916 முதல் நடத்தி வந்தனர். வைத்தியப் பரிசோதனையின்றியே எவரும் சிறுதொகை செலுத்தி அதிற் சேரலாம். ஆகவே, மக்களின் உடல்நலம் அப்பகுதியினரின் கணக்கேட்டோடு நேரே தொடர்புடையதாயிற்று. அமெரிக்கா சென்றிருந்த அவர்தம் அதிகாரிகள் கொண்டுவந்த செய்தி பயன் தந்தது. பேரரசர் ஹிரோஹித்தோவின் முடிசூட்டு விழாவை ஒட்டி, 1928 நவம்பர் 1ஆம் திகதி, டோக்கியோ நிலையத்திலிருந்து வானொலித் தேகாப்பியாசம் முதன்முறையாக ஒலித்தது.

அந்நிகழ்ச்சியை நடத்தியவர் எகி ரீச்சி என்பார். முன்னர் இராணுவ வாத்தியக் குழுவிற் பணியாற்றியவர். பியானோ இசைக்கு இயைய அவர் எண்ணிக் கூற, கேட்போர் தத்தம் இல்லங்களில் நின்றே கைகளை உயர்த்தினர், இடையை வளைத்தனர், குதித்தனர். பத்து ஆண்டுகளுக்கு மேலாக அக்குரல் காலைதோறும் ஒலித்தது. கருவி எதுவும் வேண்டியதில்லை. பரந்த இடமும் வேண்டியதில்லை. நாள்தோறும் அதே நேரம், அதே இசை, அதே அசைவுகள். இன்று செய்வோமா, நாளை செய்வோமா என்று மனத்தோடு வழக்காடும் வேலையை அக்குரல் இல்லாதொழித்தது.

எனினும், வீட்டினுள்ளே தனித்திருப்போன் வானொலியை நிறுத்திவிட்டு உறங்கலாம். இதற்கு மாற்றுக் கண்டது ஒரு சிறு முயற்சி. 1930ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், டோக்கியோவின் கண்டாப் பகுதியிலே பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் அயலிலுள்ள சிறுவரை அதிகாலையில் ஓரிடத்திற் கூட்டி இப்பயிற்சியைச் செய்வித்தார். அவ்வழக்கம் விரைவில் நாடெங்கும் பரவிற்று. வருகை தரும் பிள்ளைகளின் அட்டையில் நாள்தோறும் ஒரு முத்திரை குத்தும் முறையும் வேரூன்றியது. அட்டையோ வெறுங் கடதாசி. ஆயினும், நேற்றுவரை நிரம்பிய கட்டங்களின் அருகே இன்றைய கட்டம் வெறுமையாகக் கிடப்பதைக் காணச் சிறுவர் மனம் பொறுப்பதில்லை. அடுத்த வீட்டுத் தோழன் வாசலில் வந்து கூப்பிடும்போது படுத்திருக்கவும் இயல்வதில்லை.

இவ்வரலாற்றுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. 1930களின் பிற்பகுதியிற் போர் மூண்டபோது, ஒரே குரலுக்குப் பல இலட்சம் உடல்கள் ஒருங்கே அசையும் காட்சி ஆட்சியாளருக்கு உவப்பளித்தது. உடல்நலத்துக்கென எழுந்த பயிற்சி, மக்களைப் போருக்கு ஆயத்தஞ் செய்யும் கருவியாயிற்று. யப்பானின் ஆட்சிக்குட்பட்டிருந்த கொரியா, தைவான் மக்களும் அதனைச் செய்ய நேர்ந்தது. போரில் யப்பான் தோற்றபின், அந்நாட்டை மேற்பார்வை செய்த நேசநாட்டார் இதனை ஐயக்கண் கொண்டு நோக்கினர். 1946இல் புதிய அசைவுகள் வகுக்கப்பட்டும் அவை நிலைபெறவில்லை. 1947இல் ஒலிபரப்பு நின்றது.

அத்தோடு அது மறைந்திருக்கலாம். ஆனால், 1951 மே மாதத்தில் புதிய இசையோடும் புதிய அசைவுகளோடும் அது மீண்டும் பிறந்தது. இம்முறை கட்டளையிடுவார் எவருமிலர், விரும்பியோர் செய்தனர். அன்று அமைந்த 13 அசைவுகளே இன்றும் வழங்குகின்றன. அவற்றைச் செய்து முடிக்க ஏறக்குறைய மூன்று நிமிடங்களே போதும். யப்பானிய ஒலிபரப்புக் கழகமாகிய என்.எச்.கே. இன்றும் காலை 6.30க்கு இதனை ஒலிபரப்புகின்றது. பூங்காக்களில் முதியோர் கூடுகின்றனர்; கோடை விடுமுறையிற் பல ஊர்களிற் சிறுவர் முத்திரை அட்டையோடு வருகின்றனர். நிற்க இயலாதோர் அமர்ந்தே செய்யத்தக்க வேறொரு பயிற்சியும் 1999இல் வகுக்கப்பட்டது.

இதனால் நாம் அறிவது யாது? யப்பானியர் பிறவியிலே நம்மினும் மனவுறுதி மிக்கவர் என்பதன்று. மாறாத நேரம், அருகே நிற்கும் துணை, எவராலும் இயலும் சிறிய அளவு ஆகிய மூன்றும் அவர்களுக்கு வாய்த்தன. மனவுறுதி தளரும் நாளிலும் இம்மூன்றும் மனிதனைத் தாங்கிக்கொள்கின்றன. ஆயினும், அச்சத்தால் நிகழும் பயிற்சி அச்சம் நீங்கியதும் ஒழிகின்றது. விருப்போடு கூடி நிகழ்வதே தலைமுறை கடக்கின்றது. ஆசிரியர்களும் பெற்றோரும் கருதத்தக்க பாடம் இதுவே. பிள்ளை காலையில் எழவில்லையெனக் கடிந்துகொள்ளுமுன், அவனோடு முற்றத்தில் இறங்கி நிற்க நாம் ஆயத்தமா என்று நம்மையே கேட்டுக்கொள்ளுதல் நன்று. மூன்று நிமிடங்கள் எவருக்கும் பெருஞ்சுமை ஆகா.