பஞ்சாலைத் தொட்டில்களும் பாலகோலியும்

தமிழில் கோலி என்றால் சிறுவர் கையில் உருளும் விளையாட்டுக் குண்டு. மராட்டியில் மாத்திரையையும் அச்சொல் குறிக்கும். பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளரிடையே ஒரு காலத்தில் வழங்கிய ‘பாலகோலி’ இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பச்சிளங் குழந்தைகளுக்கென்றே உருட்டப்பெற்ற அச்சிறு மாத்திரையில் அபினி கலந்திருந்தது.

போதைப் பழக்கம் இளைஞர் தாமே தேடிக்கொள்ளும் தீமை என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். தொட்டிலில் கிடந்த குழவி எதனைத் தேடிற்று?

1921-22இல் பம்பாய் ஆலைப் பெண்டிரின் மகப்பேற்று நிலையை ஆராய்ந்தவர் டாக்டர் பார்ன்ஸ் என்னும் பெண் மருத்துவர். அப்பெண்டிர் ஈன்ற குழந்தைகளில் நூற்றுக்கு 98 அபினி ஊட்டப்பெற்றதாக அவர் எழுதினார். அறிக்கைகளை மொழிபெயர்ப்பதே தொழிலாகிவிட்ட எமக்கு எண்கள் எண்களாகவே கடந்து போவது வழக்கம். இந்த 98 அவ்வாறு போகவில்லை.

தாய்மாரைக் கொடியர் என்பது எளிது. ஆனால் 1922ஆம் ஆண்டின் திருத்தப்பெற்ற தொழிற்சாலைச் சட்டமும் நாளொன்றுக்குப் 11 மணி நேர வேலையை அனுமதித்தது. கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் பல. பாட்டியும் அத்தையும் ஊரிலேயே தங்கிவிட்டனர். பிற மாநிலங்களில் குடித்தனம் நடத்தும் நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. காலையில் சங்கு ஊதியதும் அன்னை புறப்பட வேண்டும். அவள் திரும்பும் வரை குழந்தை அழாதிருக்க வேண்டும்.

அபினி அழுகையை மட்டுமா அடக்கிற்று? பசியையும் அடக்கிற்று. பால் குடியாத குழந்தை மெலிந்தது. அளவு மிகின் மூச்சே அடங்கும் அபாயமும் இருந்தது. மாத்திரையை நிறுத்தினாலோ ஓயாத அழுகை, வயிற்றுப்போக்கு, நடுக்கம். நோய் வந்துற்றதென அஞ்சிய அன்னை மீண்டும் மாத்திரையையே நாடினாள். பழக்கம் வேரூன்றியது இவ்வாறுதான்.

1929இல் அமைந்த விட்லி கமிஷனின் 1931ஆம் ஆண்டு அறிக்கையும் இக்கொடுமையைச் சுட்டிற்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென விதித்தது. 1976இல் அவ்வெண் முப்பதாகக் குறைந்தது. மருத்துவம், விஞ்ஞானம் தவிர்த்த அபினிப் பயனை 1959க்குள் ஒழிப்பதென 1949இலேயே முடிவாயிற்று. தடையினும் காப்பகமே பெரிய மருந்து என்பது எம் கருத்து. அழும் குழந்தையை எடுத்து அணைக்க ஒரு கை இருந்தால் மாத்திரைக்கு வேலையில்லை.

அபினி போயிற்று, ஆதரவற்ற குழந்தை போகவில்லை. மத்திய அரசின் சார்பில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்தி 2019இல் வெளிவந்த ஆய்வு, முகர்ந்து மயங்கும் பொருள்களில் மட்டுமே பெரியோரினும் சிறுவர் விகிதம் மிகுதி என்கிறது: பெரியோரில் நூற்றுக்கு 0.58, சிறுவரில் 1.17. உதவி தேவைப்படும் சிறுவர் ஏறத்தாழ 4.6 லட்சம். ஒட்டுப்பசை, எழுத்துப்பிழை அழிக்கும் வெள்ளைத் திரவம் போன்றவை கடையில் எளிதாகக் கிடைப்பவை. இளம் வயதில் தொடங்கும் பழக்கம் வளரும் மூளையைப் பற்றுவதால் பின்னர் விடுவது அரிது என்பர் மருத்துவர். அடியும் புறக்கணிப்பும் மனச்சோர்வும் அதற்கு வழி திறக்கின்றன. ரயில் நிலையத்தில் துணியை மூக்கருகே பிடித்திருக்கும் சிறுவனை நாம் கண்டு விலகிச் செல்கிறோம். அவனுக்கும் அந்த நெடி சற்று நேரம் பசியை மறைக்கிறது.