ஆவி கண்ட துப்பறிவாளர்: பியோம்கேஷ் பக்ஷி கதைகளை முன்வைத்து

துப்பறியும் புனைகதையும் பேய்க்கதையும் ஒரே நிகழ்விலிருந்து பிறப்பவை. காலத்திற்கு முன் நேர்ந்த ஒரு சாவு, அதனைச் சூழ்ந்த மறைப்பு, உண்மை வெளிப்படும்வரை அடங்காத அமைதியின்மை ஆகிய மூன்றும் இரண்டிற்கும் பொதுவானவை. வேறுபாடு, உண்மையை வெளிப்படுத்துவோர் யார் என்பதில் அமைகின்றது. பேய்க்கதையில் இறந்தவரே வந்து தம் குறையைக் கூறுவார். துப்பறியும் கதையிலோ இறந்தவர் வாய் பேசார், அவர் விட்டுச்சென்ற தடயங்களே பேசும். இவ்விரு மரபுகளும் ஒரு பாத்திரத்திடம் சந்திக்கும்பொழுது, ஆவியைக் காணும் துப்பறிவாளர் தாம் கண்டதைச் சான்றாகக் கொள்ளலாமா என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவுக்கு வங்க எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாய (1899-1970) தம் பியோம்கேஷ் பக்ஷி கதைகளில் இருவேறு காலங்களில் இருவேறு விடைகளைத் தந்துள்ளார். அம்மாற்றம் தனித்து நோக்கத்தக்கது.

இவ்வகைப் பாத்திரத்தின் முன்னோடிகள் ஆங்கிலத்தில் தோன்றினர். அயர்லாந்தைச் சேர்ந்த ஷெரிடன் லெ ஃபானு 1872இல் வெளியிட்ட ‘இன் எ கிளாஸ் டார்க்லி’ என்னும் தொகுப்பில் வரும் மருத்துவர் ஹெசீலியஸ், ஆவித் தொல்லையை நோயாகக் கருதி ஆராய்பவர். 1882இல் இலண்டனில் உளவியல்கடந்த நிகழ்வுகளை ஆராயும் கழகம் நிறுவப்பட்ட பின்னர், பேயைக் கண்டதாகக் கூறுவோரின் வாக்குமூலத்தை வினவிப் பதிவுசெய்து ஒப்புநோக்கும் வழக்கம் வலுப்பெற்றது. அக்கழகத்தினர் 1894இல் வெளியிட்ட அறிக்கை ஏறத்தாழ 17,000 பேரிடம் பெற்ற விடைகளை அடிப்படையாகக் கொண்டது. பேய் இவ்வாறு விசாரணைக்குரிய பொருளாகிவிட்டபின், அதனை விசாரிக்கும் ஒருவர் புனைகதையில் தோன்றியது வியப்பன்று. 1898-99இல் ‘பியர்சன்ஸ் மேகசின்’ இதழில் பிளாக்ஸ்மன் லோவும், 1908இல் ஆல்ஜர்னன் பிளாக்வுட்டின் ஜான் சைலன்ஸும், 1910இல் வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சனின் கர்நாக்கியும் அடுத்தடுத்து அறிமுகமாயினர்.

இவருள் கர்நாக்கியே நம் பொருளுக்கு மிக நெருங்கியவர். பேய் உலவுவதாகக் கூறப்படும் வீட்டிற்கு ஒளிப்படக்கருவியுடன் செல்லும் இவர், கதவுகளுக்கு முத்திரையிட்டு, மின்விளக்குக் குழாய்களால் அமைத்த ஐங்கோணக் காப்பினுள் இரவெல்லாம் விழித்திருப்பார். சில கதைகளில் பேய் என்பது மனிதரின் சூழ்ச்சியாக முடியும். சிலவற்றில் மெய்யாகவே பேயாக இருக்கும். ஒரோவழி இரண்டும் கலந்திருக்கும். முடிவு எதுவெனப் படிப்பவரால் முன்கூட்டி உணர இயலாமையே அக்கதைகளின் வலிமை.

ஆயினும் துப்பறியும் கதையின் பெருவழி இதனை ஏற்கவில்லை. ஆர்தர் கோனன் டாயில் 1916 முதல் ஆவியுலகக் கொள்கையை வெளிப்படையாகப் பரப்பியவர். ஆனால் 1924இல் அவர் எழுதிய சசெக்ஸ் இரத்தக்காட்டேரிக் கதையில் ஷெர்லாக் ஹோம்ஸ் பேய்களுக்குத் தம் தொழிலில் இடமில்லை என்றே கூறுகின்றார். ஆசிரியரின் நம்பிக்கை பாத்திரத்தினுள் புகவில்லை. 1929இல் ரொனால்டு நாக்ஸ் வகுத்த பத்து விதிகளுள் இரண்டாவது, இயற்கை கடந்த ஆற்றல்களைத் துப்பறியும் கதையிலிருந்து விலக்கியது. இவ்விதியை வகுத்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பது சுவையான செய்தி. பேய் உண்டா இல்லையா என்பதன்று அவர் சிக்கல். பேயைச் சான்றாக்கினால் வாசகருடன் ஆடும் ஆட்டம் முறைகெடும் என்பதே.

வங்கத்தில் துப்பறியும் கதை 1892இல் வெளிவரத் தொடங்கிய பிரியநாத் முகோபாத்யாயவின் ‘தாரோகார் தப்தர்’ முதலியவற்றால் வேரூன்றியிருந்தது. சரதிந்து 1932இல் பியோம்கேஷைப் படைத்தபொழுது, அப்பாத்திரம் ‘துப்பறிவாளர்’ என்னும் பெயரை விரும்பாது தன்னைச் ‘சத்தியான்வேஷி’, அஃதாவது உண்மையைத் தேடுபவன், என்று அழைத்துக்கொண்டது. இப்பெயர் வெறும் அணியன்று. குற்றவாளியைப் பிடித்துத் தருவது காவலரின் பணி. உண்மை எவ்விடத்திலிருந்து வந்தாலும் அதனை ஏற்பது தேடுபவனின் கடமை. பின்னாளில் அவனை இக்கட்டில் நிறுத்தியதும் இப்பெயரே.

சரதிந்து பியோம்கேஷுக்குப் புறம்பாக வரதா என்னும் மற்றொரு பாத்திரத்தையும் படைத்திருந்தார். முங்கேர் நகரத்து வங்காளியர் கூட்டத்தில் அமர்ந்து, தாம் கண்ட ஆவிகளின் கதைகளைக் கூறுபவர் வரதா. 1936இல் எழுதப்பட்ட ‘பியோம்கேஷும் வரதாவும்’ என்னும் கதையில் ஆசிரியர் தம் இரு பாத்திரங்களையும் நேர்நிறுத்துகின்றார். முங்கேரில் நகை வணிகர் ஒருவர் கொலையுண்ட வீட்டில், சாளரத்துக்கு வெளியே ஓர் உருவம் தோன்றிக் குடியிருப்போரை அச்சுறுத்துகின்றது. தரையில் நிற்கும் மனிதர் எட்டவியலாத உயரம் அது. வரதா அதனைக் கொலையுண்டவரின் ஆவி என்கின்றார். பியோம்கேஷ் அது பொய்க்கால் கட்டைகளில் ஏறி வந்த மனிதன் என்றும், வீட்டில் மறைந்துகிடக்கும் மணிகளே அவன் நாட்டம் என்றும் நிறுவுகின்றான். நாக்ஸின் விதி இங்கு முழுமையாகக் காக்கப்பட்டுள்ளது. எனினும் வரதா நகைப்புக்குரியவராக ஆக்கப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அவர் இந்த ஒரு வழக்கில் தோற்றாரேயன்றி, அவரது உலகம் முழுவதும் பொய்யென்று கதை கூறவில்லை.

சரதிந்து சட்டம் பயின்று சிறிது காலம் வழக்கறிஞராகவும் இருந்தவர் என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். லெ ஃபானுவின் தொகுப்பு வெளிவந்த அதே 1872இல் இயற்றப்பட்டு, 2024 ஜூலை 1 வரை நடைமுறையிலிருந்த இந்தியச் சாட்சியச் சட்டம், இறந்தவரின் சொல்லை முற்றிலும் புறக்கணித்ததன்று. தம் சாவின் காரணம் குறித்து ஒருவர் கூறிச்சென்ற வாக்குமூலத்தை அதன் 32ஆம் பிரிவு ஏற்றது. ஆனால் அச்சொல் அவர் உயிரோடிருக்கையில் கூறப்பட்டதாதல் வேண்டும். வாய்மொழிச் சாட்சியம் நேரிற் கண்டவர், கேட்டவர் கூற்றாகவே அமைதல் வேண்டும் என்று 60ஆம் பிரிவு வரையறுத்தது. இறந்தபின் பேசுவோருக்கு நீதிமன்றத்தில் கூண்டு இல்லை. தமிழ் வாசகருக்குப் பழையனூர் நீலி நினைவுக்கு வருவாள். அவையின் முன் வணிகனின் மனைவியாக நின்று வழக்குரைத்த பேயின் சொல்லை ஆராயாது ஏற்ற வேளாளர் எழுபதின்மர், தாம் கொடுத்த வாக்கிற்காகத் தீப்பாய்ந்தனர் என்பது அம்மரபு. பேயின் சாட்சியம் இருக்கிறதென்பதனாலேயே அது மெய்யாகிவிடாது என்னும் எச்சரிக்கை அக்கதையில் உள்ளது.

1936க்குப் பின் சரதிந்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் பியோம்கேஷ் கதைகளை எழுதவில்லை. 1938இல் பம்பாய்த் திரைத்துறைக்குச் சென்றவர், 1952இல் புனேயில் குடியேறினார். 1959ஆம் ஆண்டுக் கதையான ‘சைலரகசியம்’ அப்பகுதியை அடுத்த மகாபலேசுவரத்தைக் களமாகக் கொண்டது. குளிர்காலத்தில் ஆளரவமற்றுக் கிடக்கும் மலைநகர விடுதியொன்றில் பியோம்கேஷ் தங்குகின்றான். அங்கு முன்னர் நேர்ந்த கொலையொன்றைச் சுட்டும்வகையில் ஓர் ஆவி தன் இருப்பை உணர்த்துகின்றது. இம்முறை பொய்க்கால் இல்லை, சூழ்ச்சியும் இல்லை. வரதாவை மறுத்தவன் தான் உணர்ந்ததை மறுக்கவியலாது நிற்கின்றான்.

இதனை ஆசிரியரின் முதுமைக்கால நெகிழ்வு என்று ஒதுக்குவது எளிது, பொருத்தமன்று. ‘உண்மையைத் தேடுபவன்’ என்று தன்னை அழைத்துக்கொண்ட ஒருவன், தன் கொள்கைக்கு ஒவ்வாதது என்பதற்காகக் கண்டதை மறைப்பானாயின் அப்பெயரை இழப்பான். இக்கட்டிலிருந்து அவனை மீட்பது கதையின் வடிவம். வழக்கமாக நண்பன் அஜித் உடனிருந்து கண்டு எழுதுவான். இங்கோ அஜித் கல்கத்தாவில் இருக்கின்றான். நிகழ்ந்தவற்றைப் பியோம்கேஷ் அவனுக்குக் கடிதமாக எழுதுகின்றான். ஆகவே ஆவியைப் பற்றி வாசகர் அறிவது பியோம்கேஷின் தனிக்கூற்றை மட்டுமே. உறுதிப்படுத்த இரண்டாவது கண் இல்லை. சாட்சியச் சட்டம் பயின்றவரின் கை இவ்வமைப்பில் தெரிகின்றது எனலாம். ஆவி திசையைக் காட்டுகின்றது, குற்றத்தை மெய்ப்பிக்கவில்லை. அப்பணி கடிதத்தின் வழியே கல்கத்தாவுக்கு மாற்றப்படுகின்றது. கடிதம் பெற்ற அஜித் ஆவி எதனையும் கண்டவன் அல்லன். அவன் நகரத் தெருக்களில் விசாரித்துத் தேடிச் செல்வது உயிரோடிருக்கும் மனிதரையே.