555 பொத்தான் நேரச்சுற்று

555 பொத்தான் நேரச்சுற்று என்பது, பொத்தானை ஒரு முறை அழுத்தியவுடன் ஒரு விளக்கையோ மணியையோ ரிலேயையோ முன்னரே வகுத்துக்கொண்ட நேரம் வரை இயக்கிப் பின்னர் தானாகவே நிறுத்திவிடும் எளிய மின்னணுச் சுற்று ஆகும். 555 எனப்படும் எட்டுக் கால் டைமர் தொகுப்புச் சுற்று இதன் நடுப்பகுதியாக அமைகின்றது. இச்சுற்றுக்குத் தானாக நிலைத்து நிற்கக்கூடிய நிலை ஒன்றே ஒன்றுதான். அது வெளியீடு அணைந்திருக்கும் நிலை. பொத்தான் அதனை அந்நிலையிலிருந்து தள்ளிவிடுகின்றது; குறித்த நேரம் கழித்து அது தன் நிலைக்குத் திரும்புகின்றது. இக்காரணம் பற்றி இவ்வகைச் சுற்றுகளை ஒருநிலைப் பல்லதிர்வி (மோனோஸ்டேபிள்) என்று பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் பாடத்திட்டத்தில் தொகுப்புச் சுற்று ஆய்வகப் பயிற்சிகளுள் ஒன்றாக இது இடம்பெற்றுள்ளது.

ஒரு மின்தடையமும் ஒரு மின்தேக்கியும் இருந்தால் நேரத்தை அளக்கலாம் என்பது பழைய செய்தி. ஆனால் மின்கலம் தேயத் தேய அந்த நேரமும் மாறிக்கொண்டே போவது அத்தகைய சுற்றுகளின் குறைபாடாக இருந்தது. 555 இக்குறையைத் தீர்க்கும் முறையே அதனுடைய சிறப்பு.

வரலாறு

இத்தொகுப்புச் சுற்றை வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஹான்ஸ் கமென்சிண்ட் (1934–2012) ஆவார். கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரில் இயங்கிய சிக்னெடிக்ஸ் நிறுவனத்துக்காக, அதன் ஊழியராக அன்றி ஒப்பந்த அடிப்படையில், 1971 ஆம் ஆண்டில் இவ்வேலையை அவர் மேற்கொண்டார். 1972 இல் என்.இ.555 என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. கூடுதல் வெப்பநிலை வரம்பைத் தாங்கும் வகைக்கு எஸ்.இ.555 என்று பெயர்.

முதலில் வரையப்பட்ட வடிவம் வேறாக இருந்தது. மின்தேக்கியை மாறா மின்னோட்டத்தால் நிரப்பும் பகுதி அதில் இருந்தது. அதற்கு ஒன்பது கால்கள் தேவைப்பட்டன. அந்தப் பகுதியை நீக்கிவிட்டு, ஒரு மின்தடையத்தின் வழியே நேரடியாக மின்தேக்கியை நிரப்பினாலே போதும் என்ற எண்ணம் கமென்சிண்டுக்குப் பின்னரே தோன்றியது. கால்கள் எட்டாகக் குறைந்தன. சிறிய, மலிவான எட்டுக் கால் உறையில் அடங்கியது. இன்றுவரை இது விலை குறைந்த பொருளாக இருப்பதற்கு அந்த ஒரு கால் குறைந்ததும் ஒரு காரணம்.

உள்ளே மூன்று 5 கிலோ ஓம் மின்தடையங்கள் இருப்பதால்தான் 555 என்று பெயர் வந்தது எனப் பல நூல்களில் எழுதப்பட்டுள்ளது. கமென்சிண்ட் இதனை ஏற்கவில்லை. அவ்வெண்ணைத் தேர்ந்தவர் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த ஆர்ட் ஃபியூரி என்றும், அதற்குத் தனிப்பட்ட காரணம் ஏதும் இல்லை என்றும் அவர் கூறியுள்ளார்.

இயங்கும் முறை

அந்த மூன்று மின்தடையங்கள் பெயருக்குக் காரணமாக இல்லாவிடினும், இயக்கத்துக்குக் காரணமாக உள்ளன. சமமான மூன்றும் வரிசையாக இணைந்து, வழங்கு மின்னழுத்தத்தை மூன்று சம பங்குகளாகப் பிரிக்கின்றன. இதனால் உள்ளே மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு என இரண்டு அளவுகோல்கள் கிடைக்கின்றன. 9 வோல்ட் மின்கலம் எனில் அவை 3 வோல்ட், 6 வோல்ட் ஆகும். இரண்டு ஒப்பீட்டுச் சுற்றுகள் இவற்றைக் கண்காணிக்கின்றன. 2 ஆம் காலின் (தூண்டு கால்) மின்னழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் வெளியீடு எழுகின்றது. 6 ஆம் காலின் (வரம்புக் கால்) மின்னழுத்தம் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் வெளியீடு விழுகின்றது. இடையில் உள்ள ஃபிளிப்-ஃபிளாப் என்னும் நினைவுப் பகுதி, கடைசியாக வந்த கட்டளையைப் பிடித்து வைத்துக்கொள்கின்றது.

ஓய்வு நிலையில் 7 ஆம் காலில் உள்ள டிரான்சிஸ்டர் கடத்திக்கொண்டிருக்கும். அது மின்தேக்கியைத் தரையுடன் இணைத்து வெறுமையாக வைத்திருக்கின்றது. பொத்தானை அழுத்தியதும் 2 ஆம் கால் தரைக்கு இறங்குகின்றது, வெளியீடு எழுகின்றது, டிரான்சிஸ்டர் கடத்துவதை நிறுத்துகின்றது. அக்கணம் முதல் மின்தேக்கி மின்தடையத்தின் வழியே நிரம்பத் தொடங்கும். 6 வோல்ட்டை எட்டியதும் வெளியீடு விழுந்து, டிரான்சிஸ்டர் மீண்டும் கடத்தி, மின்தேக்கியைக் காலி செய்துவிடும்.

மின்தேக்கி முதலில் விரைவாகவும் போகப் போக மெதுவாகவும் நிரம்பும். வெறுமையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கை அடைய அது எடுத்துக்கொள்ளும் நேரம், மின்தடையையும் மின்தேக்குதிறனையும் பெருக்கி வரும் தொகையை 3 இன் இயல் மடக்கையால், அதாவது 1.0986 ஆல், பெருக்கினால் கிடைக்கும். நடைமுறையில் இதனை 1.1 என்றே கொள்வர்:

நேரம் (வினாடி) = 1.1 × மின்தடை (ஓம்) × மின்தேக்குதிறன் (ஃபேரட்)

இச்சமன்பாட்டில் மின்னழுத்தம் எங்கும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. மின்கலம் 9 வோல்ட்டிலிருந்து 7 வோல்ட்டுக்குத் தேய்ந்தால் மின்தேக்கி மெதுவாக நிரம்பும் என்பது உண்மையே. ஆனால் எட்ட வேண்டிய உயரமும் 6 வோல்ட்டிலிருந்து 4.67 வோல்ட்டாக அதே விகிதத்தில் தாழ்ந்துவிடுகின்றது. ஓடுபவன் தளர்ந்தால் எல்லைக்கோடும் அருகில் வந்து நிற்பது போன்றது இது. நேரம் மாறுவதில்லை. நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்னழுத்தம் திடீரென ஏறி இறங்கினால் மட்டும் இக்கணக்கு பிசகும்.

சுற்றை அமைத்தல்

1 ஆம் காலை மின்கலத்தின் எதிர்முனையுடனும் (தரை), 8 ஆம் காலை நேர்முனையுடனும் இணைக்க வேண்டும். என்.இ.555 க்கு 4.5 முதல் 16 வோல்ட் வரை கொடுக்கலாம். 4 ஆம் கால் (மீட்டமைப்பு) பயன்படாதபோது நேர்முனையுடன் இணைந்திருக்க வேண்டும்; அதை எங்கும் இணைக்காமல் விட்டால் சுற்று காரணமின்றி நின்றுபோகக்கூடும். 5 ஆம் காலிலிருந்து தரைக்கு 10 நானோ ஃபேரட் மின்தேக்கி ஒன்றை இட்டால் வெளி இரைச்சல் உள்ளிருக்கும் அளவுகோல்களைக் குலைக்காது.

6, 7 ஆம் கால்களை ஒன்றாக இணைத்து, அங்கிருந்து நேர்முனைக்கு 100 கிலோ ஓம் மின்தடையமும், தரைக்கு 100 மைக்ரோ ஃபேரட் மின்பகு மின்தேக்கியும் இட வேண்டும். மின்பகு மின்தேக்கியின் எதிர்க்குறி உள்ள கால் தரைப் பக்கம் இருப்பது கட்டாயம். மாற்றி இணைத்தால் அது கெட்டுவிடும், வெடிக்கவும் கூடும். இவ்விரு மதிப்புகளுக்கும் நேரம் 11 வினாடிகள் ஆகும். நேரத்தை விரும்பியவாறு மாற்ற வேண்டின், 1 மெகா ஓம் மாறு மின்தடையத்துடன் 10 கிலோ ஓம் நிலை மின்தடையத்தைத் தொடராக இணைத்துப் பயன்படுத்தலாம். அந்த 10 கிலோ ஓம் இல்லாவிடின், குமிழை முழுவதும் திருப்பிய நிலையில் 7 ஆம் காலில் உள்ள டிரான்சிஸ்டர் நேரடியாக மின்கலத்துடன் இணைந்து எரிந்துபோகும்.

2 ஆம் காலிலிருந்து நேர்முனைக்கு 10 கிலோ ஓம், தரைக்குப் பொத்தான். 3 ஆம் காலிலிருந்து 470 ஓம் மின்தடையம் வழியாக ஓர் எல்.ஈ.டி. விளக்கைத் தரையுடன் இணைத்தால், 9 வோல்ட்டில் ஏறத்தாழ 12 மில்லி ஆம்பியர் பாயும். வெளியீடு மாறும் கணத்தில் என்.இ.555 மிகக் குறுகிய நேரத்துக்குப் பெரும் மின்னோட்டத்தை இழுக்கும் இயல்புடையது. ஆகவே 8 ஆம் காலுக்கும் 1 ஆம் காலுக்கும் இடையே 100 நானோ ஃபேரட் மின்தேக்கி ஒன்றை அருகிலேயே வைப்பது நல்லது. பற்றவைக்கும் முன் பிரெட் போர்டில் அமைத்துச் சோதிப்பது வழக்கம். இதற்கு வேண்டிய உதிரிப்பாகங்கள் அனைத்தும் சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைத்தெருக்களில் சில்லறையாகவே கிடைக்கும்.

பொத்தானால் வரும் சிக்கல்

மேற்கண்ட சுற்றில் விரலை உடனே எடுத்துவிட்டால் எல்லாம் சரியாக நடக்கும். 11 வினாடிகளுக்கு மேல் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால் விளக்கு அணையாது. 555 இல் தூண்டு காலின் கட்டளைக்கு வரம்புக் காலின் கட்டளையைவிட முன்னுரிமை உண்டு. மின்தேக்கி 6 வோல்ட்டைக் கடந்து முழுவதும் நிரம்பியபின்னும், விரல் எடுக்கும் வரை வெளியீடு எழுந்தே இருக்கும். கல்லூரி ஆய்வகத்தில் தூண்டு துடிப்பைக் கருவியிலிருந்து குறுகியதாகக் கொடுப்பதால் இது கண்ணில் படுவதில்லை. வீட்டில் கட்டும்போதுதான் தெரியவரும்.

இதனுடன் தொடுமுனைத் துள்ளலும் சேர்ந்துகொள்கின்றது. எந்த இயந்திரப் பொத்தானும் ஒரே தொடுதலில் இணைவதோ பிரிவதோ இல்லை. சில மில்லி வினாடிகளுக்கு உலோகம் துள்ளித் துள்ளித் தொடும். அழுத்தும்போது நேரும் துள்ளலால் தீங்கில்லை; முதல் தொடுதலிலேயே வெளியீடு எழுந்துவிடுவதால் அடுத்தவை பொருட்படுத்தப்படா. ஆனால் நெடுநேரம் பிடித்திருந்து விடும்போது, வெளியீடு விழுந்த மறுகணமே ஒரு துள்ளல் 2 ஆம் காலை மீண்டும் இறக்கக்கூடும். விளைவாக இன்னொரு முழு 11 வினாடி ஓடும்.

இரண்டுக்கும் தீர்வு ஒன்றே. பொத்தானை 2 ஆம் காலுடன் நேரடியாக இணைக்காமல், இடையில் 10 நானோ ஃபேரட் மின்தேக்கியை வைக்க வேண்டும். 2 ஆம் காலின் 10 கிலோ ஓம் அப்படியே இருக்கட்டும். பொத்தான் பக்கத்திலிருந்து நேர்முனைக்கு 1 மெகா ஓம் மின்தடையம் ஒன்றைக் கூடுதலாக இட வேண்டும். இப்போது பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் 2 ஆம் காலுக்குச் செல்வது ஒரு மில்லி வினாடியிலும் குறைந்த ஒரு சிறு இறக்கம் மட்டுமே. பொத்தான் பிரிந்தபின் அந்தப் பக்கம் மீண்டும் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தை எட்டினால்தான் அடுத்த தூண்டல் நிகழ முடியும். அதற்கு அதே 1.1 கணக்கின்படி சுமார் 11 மில்லி வினாடிகள் வேண்டும். பெரும்பாலான பொத்தான்களின் துள்ளல் அதற்குள் அடங்கிவிடும். ஆக, இரண்டு சிறிய உறுப்புகளால் சுற்று விரலைச் சார்ந்திராத ஒன்றாகின்றது.

இடையில் நிறுத்த விரும்பினால், 4 ஆம் காலை நேர்முனையுடன் நேராக இணைப்பதற்குப் பதில் 10 கிலோ ஓம் வழியாக இணைத்து, அங்கிருந்து தரைக்கு இரண்டாவது பொத்தானை வைக்கலாம். அதை அழுத்தியதும் வெளியீடு விழும்.

ரிலேயை இயக்குதல்

என்.இ.555 இன் வெளியீடு உச்ச அளவாக 200 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். ஆகையால் 30 முதல் 40 மில்லி ஆம்பியர் எடுக்கும் சிறிய 12 வோல்ட் ரிலேயை, சுற்றையும் 12 வோல்ட்டில் இயக்கி, 3 ஆம் காலுக்கும் தரைக்கும் இடையே இணைக்கலாம். ரிலேச் சுருளின் குறுக்கே 1என்4007 போன்ற டையோடு ஒன்றைத் தலைகீழாக (அதன் கோடிட்ட முனை 3 ஆம் கால் பக்கம் இருக்குமாறு) இட வேண்டும். இல்லையேல் ரிலே அணையும்போது சுருளில் எழும் எதிர் மின்னழுத்தம் தொகுப்புச் சுற்றைக் கெடுத்துவிடும். ரிலேயின் மறுபக்கத்தில் 230 வோல்ட் வீட்டு மின்சாரம் இணைக்கப்படுமானால் அப்பகுதி பிரெட் போர்டில் இருக்கவே கூடாது. பயிற்சி இல்லாதவர்கள் எல்.ஈ.டி. அளவில் நிறுத்திக்கொள்வதே முறை.

மின்கலத்தில் எப்போதும் இணைந்தே இருக்கும் கருவிகளுக்கு என்.இ.555 ஏற்றதன்று. ஓய்வில் இருக்கும்போதும் அது சில மில்லி ஆம்பியர் எடுத்துக்கொண்டே இருப்பதால், சாதாரண 9 வோல்ட் மின்கலம் ஒரு வாரம் தாங்குவதே அரிது. 7555 போன்ற சீமாஸ் வகைகள் வழக்கமாக 0.1 மில்லி ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும். கால்களின் வரிசையும் அதுவே. ஆனால் அவற்றின் வெளியீடு தரும் மின்னோட்டம் குறைவு என்பதால் ரிலேக்கு இடையில் ஒரு டிரான்சிஸ்டர் தேவைப்படும்.

நீண்ட நேரங்களும் பிழையும்

11 வினாடி என்று கணக்கிட்ட சுற்று 13 வினாடி ஓடினால் 555 ஐக் குறை கூற இயலாது. மின்பகு மின்தேக்கிகளின் உண்மை மதிப்பு அச்சிட்ட மதிப்பிலிருந்து 20 விழுக்காடு வரை விலகலாம். துல்லியம் வேண்டுமாயின் நிலை மின்தடையத்தை மாற்றிச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

விலகலைவிடப் பெரிய தடை கசிவு மின்னோட்டம். மின்தடையம் 1 மெகா ஓம், மின்தேக்கி 100 மைக்ரோ ஃபேரட் எனில் சமன்பாடு 110 வினாடி என்று சொல்லும். ஆனால் மின்தேக்கி 6 வோல்ட்டை நெருங்கும்போது மின்தடையம் வழியே பாயும் மின்னோட்டம் வெறும் 3 மைக்ரோ ஆம்பியர். 100 மைக்ரோ ஃபேரட், 16 வோல்ட் மின்பகு மின்தேக்கிக்கு உற்பத்தியாளர்கள் வழக்கமாக அனுமதிக்கும் உச்சக் கசிவோ 16 மைக்ரோ ஆம்பியர். நல்ல மின்தேக்கிகள் இதைவிட மிகக் குறைவாகவே கசியும் என்றாலும், கசிவு 3 மைக்ரோ ஆம்பியரை எட்டினாலே மின்தேக்கி எல்லையை அடையாது. விளக்கு அணையாமலே எரிந்துகொண்டிருக்கும். மின்தேக்கியைப் பெரிதாக்கி மின்தடையத்தைச் சிறிதாக்கினாலும் பயன் இல்லை. மின்தேக்குதிறனுடன் கசிவும் பெருகுவதால் இரண்டின் விகிதம் மாறாது.

சோதிக்கும் கருவியே இதே பிழையை உண்டாக்குவதும் உண்டு. வோல்ட்டுக்கு 20 கிலோ ஓம் கொண்ட பழைய முள் வகை மல்டிமீட்டரின் 10 வோல்ட் அளவில் உள்மின்தடை 200 கிலோ ஓம். 100 கிலோ ஓம் சுற்றில் மின்தேக்கியின் குறுக்கே அதை வைத்தால், மின்தேக்கி ஏறக்கூடிய உச்சமே 6 வோல்ட்டாகிவிடும். முள் அங்கே ஏறி நிற்கும், நேரம் முடியாது. 10 மெகா ஓம் உள்மின்தடை கொண்ட எண்ணியல் மீட்டரில் இத்தொல்லை பெரும்பாலும் இல்லை.

ஆகவே ஓரிரு நிமிடங்களுக்கு மேற்பட்ட நேரங்களுக்கு வேறு வழியை நாடுவர். சி.டி.4060 என்னும் தொகுப்புச் சுற்றில் அலையியற்றியும் 14 படிகள் கொண்ட எண்ணியும் சேர்ந்தே உள்ளன. 0.1 வினாடிக்கு ஒரு துடிப்பு எனச் சிறிய, கசிவற்ற மின்தேக்கியால் உருவாக்கி, அதன் கடைசிப் படியில் 16,384 ஆல் வகுத்தால் சுமார் 27 நிமிடங்கள் கொண்ட அலை கிடைக்கும். அந்த வெளியீடு பாதிக் காலமான 13 நிமிடம் 39 வினாடியில் எழும்.