ஒலிநாடாக் கடைகளின் காலம்

மலேசியாவின் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் மல்லிகை வாசனையோடு சினிமா சங்கீதமும் கலந்து வீசிய நாட்களில், படம் திரைக்கு வருமுன்பே அதன் பாட்டுகள் ஜனங்களுக்கு மனப்பாடமாகிவிடும். விருப்பப் பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், பக்கத்துக்கு 30 நிமிஷம் என்று கணக்கிட்டு, கடைக்காரர் 60 நிமிஷ நாடாவில் பதிந்து தருவார். கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவே அறுந்துபோவதும் உண்டு. சிக்கிய நாடாவைப் பென்சில் செருகிச் சுற்றி மீட்பது அந்நாளில் பிள்ளைகளும் அறிந்த வித்தை.

1992-இல் 'ரோஜா' படம் புதிய நாதத்தைக் கொணர்ந்தபோதும் அந்த வியாபாரம் குன்றவில்லை. குறுந்தகடும், பின்னர் இணையமும் வந்த பிறகே, முழுத் தொகுப்பையும் விலைகொடுத்து வாங்கி வரிசை மாறாமல் கேட்கும் வழக்கம் க்ஷீணித்தது.

இதனிடையே, 2006-இல் மலேசிய ராப் இசைக் கலைஞர்களான யோகி பி - நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' தொகுப்பு, படமின்றியே பிரசித்தி பெற்றது. விசித்திரம் என்னவெனில், அதில் பெரும்புகழ் அடைந்த பாட்டு, 1980-இல் வெளிவந்த 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா அமைத்த மெட்டின் மீதே எழுந்தது. சினிமாவை விட்டு விலகிய கால், அதன் வாசற்படியைத்தான் மிதித்துத் தாண்டியது.

இன்று தீபாவளிச் சந்தைக்குப் போகிறவர் காதில் விழுவதும் பெரும்பாலும் அந்தப் பழைய மெட்டுகள்தாம்.